ஏரியா பேப்பருக்கு விளம்பரம் குடுக்கறதில்லன்னு முடிவெடுத்த நம்ம கடைத்தெரு ஆளுங்களுக்கு

அன்புள்ள அண்ணாச்சி, பாய், சேட்டு, மெடிக்கல் சார், ஸ்வீட் ஸ்டால் அண்ணன், டைலர் அக்கா, இன்னும் நம்ம வியாபாரிகள் சங்கத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

மாடியில டிடிபி, ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவ எழுதுறேன். ஏரியா பேரும் பேப்பர் பேரும் வேணும்னேதான் போடல. படிக்க வேண்டியவங்களுக்கு எந்தத் தெரு எந்தப் பேப்பர்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும், மத்தவங்களுக்கு அவங்கவங்க ஏரியா ஞாபகம் வந்தா போதும், சென்னையில இந்த மாதிரி பேப்பர் ஒண்ணு ரெண்டா இருக்கு?

போன மீட்டிங்ல ஒரு முடிவு எடுத்தீங்க, வாரக்கடைசியில வீட்டு வாசல்ல இலவசமா விழுற நம்ம ஏரியா பேப்பருக்கு இனிமே யாரும் விளம்பரம் குடுக்கறதில்லன்னு. அன்னிக்கு நான் கையும் தூக்கல, எதிர்த்தும் பேசல, கல்லாவுல ஆள் இல்லன்னு பாதியில கிளம்பிட்டேன், அதனால இப்ப எழுதுறேன். வெளிய யாராச்சும் கேட்டா "இந்தக் காலத்துல பேப்பரை யாரும்மா படிக்கிறா, தண்டச் செலவு"ன்னு சொல்றீங்க. நிஜக் காரணம் அது இல்லன்னு உங்களுக்கும் தெரியும் எனக்கும் தெரியும். அந்த பிளாட்பாரம் போட்டோதான் காரணம்.

போட்டோல என்ன இருந்துச்சு? அரிசி மூட்டை, கூல்டிரிங்ஸ் ஃபிரிட்ஜ், ரெண்டு ஸ்டாண்ட் போர்டு, வரிசையா பைக்கு, அதுக்குப் பக்கத்துல வாக்கர் வெச்சுக்கிட்டு ரோட்டுல இறங்கி நடக்கிற ஒரு பெரியவர், அவர் முதுகுக்குப் பின்னால ஒரு ஷேர் ஆட்டோ. கீழ ரெண்டு வரி. எந்தக் கடை பேரும் போடல, ஆனா போர்டெல்லாம் தெளிவா தெரிஞ்சுச்சு. அடுத்த வாரம் கார்ப்பரேஷன் லாரி வந்து எல்லாத்தையும் அள்ளிட்டுப் போச்சு. ஃபிரிட்ஜைத் திருப்பி எடுக்க அண்ணாச்சி எவ்வளவு அலைஞ்சார்னு எனக்குத் தெரியும், அவருக்கு மனு டைப் பண்ணிக் குடுத்ததே நான்தான். ஆத்திரம் வர்றது நியாயம். "நம்ம காசுல பேப்பர் அடிச்சு நம்மளையே போட்டுக் குடுக்கறாங்க"ன்னு ஸ்வீட் ஸ்டால் அண்ணன் சொன்னதுக்கு அன்னிக்கு எல்லாரும் கை தட்டினீங்க.

எனக்கு உறுத்துறது அந்த ஒரு வாக்கியம்தான், நம்ம காசுல பேப்பர் அடிக்கிறாங்கங்கிறது. ஆமா, நம்ம காசுலதான் அடிக்கிறாங்க. அதுலயும் நம்மளைப் பத்தி எழுத முடிஞ்சுதுன்னா அந்தப் பேப்பர் ஒழுங்கா நடக்குதுன்னு அர்த்தம். நம்ம விளம்பரம் போடறோம்னு அந்த போட்டோவை அவங்க உள்ள வெச்சிருந்தா, நாளைக்கு நம்ம தெருவைத் தோண்டிப் போட்ட கான்ட்ராக்டர் முழுப் பக்கம் விளம்பரம் குடுத்தா அந்தப் பள்ளத்தையும் உள்ள வெச்சிருவாங்க இல்லையா?

பள்ளம்னதும் ஞாபகம் வருது, நீங்க எல்லாரும் சுத்தமா மறந்துட்டீங்க. மழைநீர் வடிகாலுக்குன்னு கடைங்க வாசலைத் தோண்டிட்டு, கம்பியை நட்டுட்டு, ஆளுங்க காணாம போனாங்களே. வாசலுக்குப் பலகை போட்டு அதுமேல கஸ்டமர் நடந்து வந்தாங்க, டைலர் அக்கா கடைக்கு வந்த ஒரு அம்மா கால் இடறி விழுந்தாங்க. சங்கத்துல இருந்து மனு குடுத்தோம், ஆப்ல கம்ப்ளெயின்ட் போட்டோம், "குறை தீர்க்கப்பட்டது"ன்னு மெசேஜ் வந்துச்சு, பள்ளம் அப்படியே இருந்துச்சு. அப்ப இந்தப் பேப்பர்காரங்க என்ன பண்ணாங்க? அதே இடத்துல நின்னு அதே பள்ளத்தை வாராவாரம் போட்டோ எடுத்து, "இந்த வாரமும் இப்படித்தான் இருக்கு"ன்னு போட்டுக்கிட்டே வந்தாங்க. பெரிய பேப்பர்ல இதுக்கெல்லாம் இடம் கிடையாது, ஒரு தடவை போடுவாங்க, அதுவும் யாராச்சும் விழுந்து கையைக் காலை உடைச்சுக்கிட்டா. இவங்க மட்டும்தான் போரடிக்கிற அளவுக்கு திரும்பத் திரும்பப் போட்டாங்க. கடைசியில இன்ஜினியர் வந்து நின்னு மூடிட்டுப் போனார். அன்னிக்கு அந்தப் பக்கத்தை லேமினேட் பண்ணிக் கல்லா பின்னால மாட்டினது யாருன்னு பேர் சொல்ல மாட்டேன், அவரே இப்ப பாய்காட்டுக்கு முதல் கை தூக்கினார்னு கேள்வி.

எனக்கு இதுல என்ன லாபம்னு கேப்பீங்க, நானே சொல்லிடறேன். அந்தப் பேப்பருக்குப் போற விளம்பரங்கள்ல பாதிக்கு டிசைன் போடறது என் கடையிலதான், அதுல எனக்குக் கொஞ்சம் வருமானம் வருது. அது போனா கஷ்டம்தான் ஆனா அதுக்காக இவ்வளவு நீளமா டைப் பண்ண மாட்டேன், அந்த நேரத்துல நாலு ரெஸ்யூம் அடிச்சாலே கூட வரும். அப்புறம் என் கடை மாடியில இருக்கு, எனக்கு பிளாட்பாரமே கிடையாது, அதனால ஈஸியா பேசறேன்னும் சொல்லுவீங்க, அதுவும் சரிதான்.

இந்த இலவசப் பேப்பர் எப்படி நடக்குதுன்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியாது. சந்தா கிடையாது, கடையில தொங்கவிட்டு விக்கறது கிடையாது, முழுக்க விளம்பரம். எழுதுறவங்க சம்பளம், பிரஸ் பில், விடியக்காலையில சைக்கிள்ல வந்து ஃபிளாட் ஃபிளாட்டா போடற பசங்க கூலி, எல்லாமே நம்ம குடுக்கற குட்டி குட்டி கட்டத்துல இருந்துதான் போகுது. நியூஸ்பிரின்ட்னு சொல்ற அச்சுக் காகிதத்தோட விலையும் அவங்க கையில இல்ல. இந்தியாவுல ஓடற நியூஸ்பிரின்ட்ல பாதிக்கு மேல வெளிநாட்டுல இருந்து இறக்குமதி ஆகுது, ரஷ்யாவும் அதுல ஒரு பெரிய சப்ளையர், 2022ல உக்ரைன் சண்டை ஆரம்பிச்சதும் விலை எகிறிடுச்சு. (நம்ம ஊர் டி.என்.பி.எல், அதாவது தமிழ்நாடு அரசோட காகிதக் கம்பெனியே கரும்புச் சக்கையில நியூஸ்பிரின்டும் எழுதற பேப்பரும் பண்ணணும்னு 1979ல தொடங்கினதுதான், இப்ப நம்ம கண்ணுல படறது என் கடையில ஓடற காப்பியர் பேப்பர்தான்.) 2020 லாக்டவுன்ல தினசரிப் பேப்பர்களாச்சும் மெலிஞ்சு போய் வந்துச்சு, இலவச ஏரியா பேப்பருக்கு அதுகூட முடியல. நம்ம ஷட்டர் இறங்கினா விளம்பரம் இல்ல, விளம்பரம் இல்லன்னா அச்சு இல்ல. அப்ப நம்மகூட சேர்ந்து படுத்தாங்க, நம்ம எழுந்தப்போதான் அவங்களும் எழுந்தாங்க. வேற எந்த பிசினஸ் நம்ம கடைத்தெருவோட இவ்வளவு ஒட்டிக்கிட்டு இருக்கு, சொல்லுங்க?

செலவுக் கணக்கும் பாத்துடுவோம். நீங்க மாசாமாசம் ரீலை பூஸ்ட் பண்றீங்க, தப்பில்ல, நானும்தான் பண்றேன். ஆனா அந்தப் பில்லைப் பாத்திருக்கீங்களா? ஆன்லைன் விளம்பரத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி, அச்சுப் பத்திரிகையில இடம் வாங்கினா 5 சதவீதம். நம்மள்ல முக்காவாசிப் பேர் காம்போசிஷன்ல, அதாவது சின்னக் கடைங்களுக்கான ஜி.எஸ்.டி திட்டத்துல இருக்கோம், இன்புட் கிரெடிட் எடுக்க முடியாது, கட்டின வரி கட்டினதுதான். அது ஒரு பக்கம். நம்ம தெருவுல இருந்து நாலு தெரு தள்ளி இருக்கிறவங்கதான் அண்ணாச்சிகிட்ட மளிகை வாங்க வருவாங்க. அந்த ரீலை பாத்து ஹார்ட் போட்டவங்கள்ல பாதிப் பேரு வேளச்சேரி, ஆவடி, ஒருத்தர் துபாய். இவங்க எப்ப அரைக்கிலோ துவரம்பருப்பு வாங்க வரப் போறாங்க? பேப்பர் விழுறது கரெக்டா நம்ம கஸ்டமர் வீட்டு வாசல்ல மட்டும்தான். இன்னொண்ணு, அறுபது தாண்டின மாமா மாமிங்கதான் இந்த ஏரியாவுல மருந்துக்கும் பலகாரத்துக்கும் காசு செலவு பண்றவங்க, அவங்க அந்தப் பேப்பரை முதல் பக்கத்துல இருந்து வரி விளம்பரம் வரைக்கும் விடாம படிக்கிறாங்க. மெடிக்கல் சாருக்கு இது நல்லா தெரியும், "டோர் டெலிவரி"ன்னு ஒரு கட்டம் போட்டதுக்கு எத்தனை போன் வந்துச்சுன்னு என்கிட்டயே சொல்லி சந்தோஷப்பட்டார்.

சேட்டு மீட்டிங்ல "வாட்ஸப் குரூப் இருக்கே, அதுல எல்லா நியூஸும் வந்துடுதே"ன்னு கேட்டார். வருது. ரொம்பவே வருது. நாளைக்கு கரன்ட் கட்டுன்னு வருது, பாத்தா அது போன வருஷ மெசேஜ். கோவில் குளத்துல முதலைன்னு ஒரு வீடியோ, எந்த நாட்டுக் குளமோ. யாரு முதல்ல போட்டாங்கன்னு கேட்டா "ஃபார்வேர்டட் அஸ் ரிசீவ்ட்"னு முடிச்சிடுவாங்க. சிரிச்சிட்டு விடற விஷயம் மட்டும் இல்ல இது. 2018 மே மாசம் பிள்ளை பிடிக்கிறவங்க சுத்துறாங்கன்னு வாட்ஸப்ல ஓடின வதந்தியில, திருவண்ணாமலை மாவட்டத்துல கோவிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒண்ணு மாட்டிக்கிச்சு, வழி கேக்க வண்டியை நிறுத்தின இடத்துல அங்க இருந்த பசங்களுக்கு சாக்லேட் குடுத்தாங்கன்னு சந்தேகப்பட்டு வயசான அம்மா ஒருத்தங்களை அடிச்சே கொன்னுட்டாங்க. அந்த மெசேஜை அனுப்பினவங்க ஒவ்வொருத்தரும் நல்லது பண்றோம்னு நினைச்சுத்தான் அனுப்பியிருப்பாங்க. ஒரு ஆளு போன் எடுத்து ஸ்டேஷன்ல கேட்டிருக்க மாட்டாங்க, அது யார் வேலையும் இல்லையே.

பேப்பர்ல அது ஒருத்தர் வேலை. கடைசிப் பக்கம் கீழ பொடி எழுத்துல ரெண்டு வரி இருக்கும், பாத்திருக்கீங்களா, அச்சடிச்சது யாரு, வெளியிடறது யாரு, ஆசிரியர் யாரு, எந்த அட்ரஸ்னு. வெள்ளைக்காரன் 1867ல போட்ட சட்டத்துல இருந்து வர்ற வழக்கம் அது, அந்தச் சட்டத்தை எடுத்துட்டு 2023ல புதுசு கொண்டு வந்து 2024 மார்ச்ல இருந்து அமல்ல இருக்கு, ஆனா பேப்பர் நடத்தறவர் யாருன்னு ஊருக்குத் தெரியணும்ங்கிறது மாறல. தப்பா எழுதினா போய்க் கதவைத் தட்ட ஒரு கதவு இருக்கு. அண்ணாச்சி போட்டோ வந்த அன்னிக்கே நேரா ஆபீஸுக்குப் போய் சத்தம் போட்டுட்டு வந்தாரே, எந்த வாட்ஸப் அட்மின் வீட்டுல போய் அப்படி சத்தம் போட முடியும்? அவங்களும் டீ வாங்கிக் குடுத்து உக்கார வெச்சுக் கேட்டாங்க, அவர் சொன்னதை அடுத்த இதழ்லயே லெட்டரா போட்டாங்க, "சரக்கு இறக்க லோடிங் நேரம் குடுத்தா நாங்க ஏன் பிளாட்பாரத்துல வைக்கப் போறோம்"னு. நம்ம பக்க நியாயம் ஊருக்குத் தெரிஞ்சதே அதுலதான். அதை மட்டும் யாரும் மீட்டிங்ல சொல்லல.

கவுன்சிலர் விஷயம் இன்னும் பெருசு. 2016 அக்டோபர்ல கார்ப்பரேஷன் கவுன்சில் காலம் முடிஞ்சுது, அடுத்த எலெக்ஷன் நடந்தது 2022 பிப்ரவரியில. நடுவுல அஞ்சு வருஷத்துக்கு மேல 200 வார்டுக்கும் கவுன்சிலரே இல்ல, முழுக்க அதிகாரிங்க நிர்வாகம். குப்பை அள்ளலன்னாலும் தெருவிளக்கு எரியலன்னாலும் யார் வீட்டு வாசல்ல போய் நிக்கறதுன்னு தெரியாம முழிச்சோம். அந்தக் காலத்துல நம்ம ஏரியா குறை எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதி வெச்சது இந்தப் பேப்பரோட லெட்டர்ஸ் பக்கம்தான். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஆளு இல்லாத நேரத்துல அந்த ஒரு பக்கம்தான் ஏதோ சமாளிச்சுச்சு. இப்ப கவுன்சிலர் இருக்காங்க, ஏரியா சபா, வார்டு கமிட்டின்னு ஜனங்க குறையைச் சொல்ற கூட்டத்துக்குச் சட்டத்துல இடமும் இருக்கு. ஆனா ஏரியா சபா எப்ப, எங்க நடக்குதுன்னு நம்மள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? நடந்து முடிஞ்சப்புறம் அங்க என்ன பேசினாங்கன்னு எழுத யாரு வருவா? டிவிக்காரங்க வர மாட்டாங்க. யூடியூப் சேனல் தம்பி வருவார், சண்டை நடந்தா மட்டும்.

2022லயே சொத்து வரியும் ஏறிச்சு, பழைய சென்னை எல்லைக்குள்ள கடைக் கட்டடத்துக்கு 150 சதவீதம். அது பெரிய பேப்பர்லயே வந்துச்சு, ஒத்துக்கறேன். ஆனா நம்ம தெருவுக்கு அடிப்படை ரேட் எவ்வளவு, எந்த ஆபீஸ்ல யாரைப் பாத்து ஆட்சேபணை குடுக்கணும், பக்கத்துத் தெருவுல அளவைத் தப்பா போட்டதை எப்படித் திருத்தி வாங்கினாங்க, இந்த மாதிரி சில்லறை விவரம்தான் நமக்கு சோறு போடற விவரம். அது ஏரியா பேப்பர்ல மட்டும்தான் வரும்.

எழுத ஆள் இல்லாத ஊர்ல என்ன ஆகும்னு ஒரு கதை சொல்றேன். அமெரிக்காவுல கலிஃபோர்னியா பக்கம் பெல்னு ஒரு குட்டி ஊர், மொத்தமே நாற்பதாயிரத்துக்கும் குறைவான ஜனம், பெரும்பாலும் கஷ்டப்பட்டு உழைக்கிற குடும்பங்க. உள்ளூர் விஷயத்தை எழுத அங்க சொல்லிக்கற மாதிரி ஒரு பேப்பர் இல்ல. அந்த ஊர் நிர்வாக அதிகாரி தனக்குத்தானே சம்பளத்தை ஏத்திக்கிட்டே போய் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 8 லட்சம் டாலர் வாங்கிக்கிட்டு இருந்தார், அந்த நாட்டு ஜனாதிபதி சம்பளத்தைவிட டபுள். கவுன்சிலர்களும் அவங்க பங்குக்கு எடுத்துக்கிட்டாங்க. 2010ல லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் வேற ஏதோ தேடப் போய் இது வெளிய வந்துச்சு, அப்புறம் ஜெயிலுக்குப் போனாங்க. அவ்வளவு நாளும் கவுன்சில் மீட்டிங் ஒழுங்கா நடந்துக்கிட்டுதான் இருந்துச்சு, எழுதறதுக்குன்னு போய் உக்கார ஆள் இல்ல, அவ்வளவுதான். நம்ம ஊர்ல அப்படி நடக்குதுன்னு சொல்லல, யாரும் கேஸ் போட்டுடாதீங்க.

வியாபாரமும் பேப்பரும் ஒட்டி வளர்ந்தது இந்த ஊருக்குப் புதுசும் இல்ல. லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பார்க்ல வாக்கிங் போற நம்ம ஆளுங்க பல பேர் இருக்கீங்க, அந்த நாகேஸ்வர ராவ் யாருன்னு கேட்டா முழிப்பீங்க. அமிர்தாஞ்சன் கம்பெனிக்காரர். 1893ல பம்பாயில தைலத்தை ஆரம்பிச்சார், கச்சேரியில கூட்டத்துல எல்லாம் இலவசமா குடுத்தே பிரபலம் ஆக்கினார்னு சொல்வாங்க. 1908ல அங்கயே 'ஆந்திர பத்ரிகா'ன்னு தெலுங்கு வாரப் பத்திரிகை தொடங்கி, 1914ல அதை மெட்ராஸுக்குக் கொண்டு வந்து தினசரி ஆக்கினார். தலைவலித் தைலம் வித்த காசுலதான் பேப்பர் ஓடுச்சு, அந்தப் பேப்பர் சுதந்திரத்துக்காக எழுதுச்சு. நம்ம ஆளு ஒரு வியாபாரிங்க அவர்! 'இந்து' பேப்பர் கதை இன்னும் சின்னது, 1878ல திருவல்லிக்கேணி இளைஞர்கள் ஆறு பேர் ஒண்ணே முக்கா ரூபா கடன் வாங்கி 80 காப்பி அடிச்சதுல ஆரம்பிச்சுது, அதுவும் முதல்ல வாரப் பத்திரிகைதான்.

பக்கத்துலயே பாருங்க, மயிலாப்பூர் டைம்ஸ். 1994ல வின்சென்ட் டிசோசா ஆரம்பிச்சது, நம்மளது மாதிரியே வாரக்கடைசி இலவசப் பேப்பர். அந்த வட்டாரத்துல ஜனவரி மாசம் நடக்கிற மயிலாப்பூர் திருவிழா அவங்க முயற்சிதான், சுந்தரம் ஃபைனான்ஸ் காசு குடுக்கறாங்க. வடக்கு மாட வீதியில ரோட்டை அடைச்சுக் கோலப் போட்டி நடக்கும்போது சுத்துவட்டாரக் கடைங்கள்ல நடக்கிற வியாபாரத்தைப் போய்ப் பாத்துட்டு வாங்க. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் டேன்னு இப்ப ஊரே கொண்டாடுதே, நீங்களும் அன்னிக்கு ஸ்பெஷல் காம்போ போடறீங்களே, 2004ல அதை ஆரம்பிச்ச மூணு பேர்ல டிசோசாவும் ஒருத்தர், சென்னை வரலாறு எழுதின எஸ். முத்தையாவும் பத்திரிகையாளர் சசி நாயரும் மத்த ரெண்டு பேர். முத்தையா 1991ல தொடங்கின மெட்ராஸ் மியூசிங்ஸ் பத்திரிகையும் நடுவுல நின்னு போற நிலைமைக்கு வந்து, சில கம்பெனிங்க சேர்ந்து கை குடுத்துத்தான் தொடர்ந்துச்சு. நம்ம சங்கத்துல ஒரு கம்பெனி அளவுக்கு யாரும் இல்ல, சரி. ஆனா அறுபது எழுபது கடை இருக்கோமே.

பேப்பர் மேல எனக்கும் புகார் இருக்கு, வெறும் ஜால்ரான்னு நினைக்காதீங்க. முதல் புகார், அது இங்கிலீஷ்ல வருது. நம்ம ஏரியாவுல ஹவுசிங் போர்டு இருக்கு, குப்பம் இருக்கு, அவங்க வீட்டுக்கு அது போறதும் இல்ல, போனாலும் பாதிப் பேர் படிக்க முடியாது. சென்னையில இந்த மாதிரி ஏரியா பேப்பர் பெரும்பாலும் இங்கிலீஷ்தான், விளம்பரம் குடுக்கறவங்க பணக்காரக் கஸ்டமரைத்தானே தேடறாங்கன்னு காரணம் சொல்றாங்க, காரணம் கரெக்டா இருக்கலாம், எனக்கு ஒப்பல. ரெண்டே ரெண்டு பக்கம் தமிழ்ல போடுங்க, நானே டைப் அடிச்சுத் தர்றேன்னு சொல்லியிருக்கேன், யோசிக்கறோம்னு சொல்லி யோசிச்சுக்கிட்டே இருக்காங்க. அப்புறம் தண்ணி லாரி சண்டை ஒரு ஓரத்துல நாலு வரி, ஸ்கூல் ஆண்டு விழா போட்டோ கால் பக்கம். ஸ்கூல்காரங்க எழுதி அனுப்பினதை அப்படியே போடறாங்கன்னு படிச்சாலே தெரியுது. இதையெல்லாம் சொல்ல நமக்கு உரிமை இருக்கு. விளம்பரத்தை வெட்டிட்டா அதைக் கேக்கற இடத்துல நம்ம இருக்க மாட்டோம், அவங்களும் காசு வர்ற வேற இடத்தைத் தேடிப் போவாங்க. ரியல் எஸ்டேட்காரர் ஒருத்தர் மொத்தமா எடுத்துக்கறேன்னு சுத்திக்கிட்டு இருக்கார்னு ஒரு பேச்சு காதுல விழுது. உண்மையோ பொய்யோ, அப்படி ஆனா பேப்பர் வரும், பளபளன்னு வரும், பள்ளம் போட்டோ வராது.

ஃபிளாட் அசோசியேஷன் செக்ரட்டரிங்க ரெண்டு மூணு பேர் நம்ம சங்கத்துலயும் இருக்கீங்க, உங்களுக்குத் தனியா ஒரு வார்த்தை. பேப்பர் போடற பையனை வாட்ச்மேன் உள்ள விடறதில்ல, கட்டா வாங்கி செக்யூரிட்டி ரூம்ல போட்டுடறார், அது அங்கிருந்து நேரா எடைக்குப் போகுது. லிஃப்ட் பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டு அதுமேல வைக்கச் சொல்லுங்க, காசா பணமா.

இப்ப நான் கேக்கறது என்னன்னா, வர்ற மீட்டிங்ல அந்த முடிவை வாபஸ் வாங்குங்க. பாய்காட்டுக்குப் பதிலா லோடிங் நேரம் கேட்டு ஒரு மனு போடுவோம், காலையில ஏழுல இருந்து ஒன்பதுக்குள்ள சரக்கு இறக்கிக்க அனுமதி, அதுக்கப்புறம் பிளாட்பாரம் காலின்னு நம்மளே எழுதிக் குடுப்போம், அதைப் பேப்பர்ல முதல் பக்கத்துல போடச் சொல்லுவோம், போடுவாங்க, ஏன்னா அது நிஜமாவே நியூஸ். வண்டியில வெச்சு விக்கற பூக்கார அக்கா, இளநி அண்ணன் இவங்களையும் மனுவுல சேர்க்கணும், 2014 தெருவோர வியாபாரிகள் சட்டம் அவங்களுக்கு இருக்கு, நம்ம மூட்டைக்கு அந்தச் சட்டம் கிடையாது, இதை மறந்துடாதீங்க. விளம்பரத்தைப் பொறுத்தவரைக்கும் வாராவாரம் எல்லாராலயும் முடியாது, தெரியும். நாலு கடை சேர்ந்து ஒரு கட்டம் எடுத்துக்கலாம், மாசத்துக்கு ஒரு தடவை உங்க முறை வரும், டிசைனுக்கு முதல் மூணு மாசம் நான் காசு வாங்கல. ஒரே ஒரு கண்டிஷன், விளம்பரம் குடுக்கறோம்னு சொல்லி நம்ம கடையைப் புகழ்ந்து எழுதுங்கன்னோ அந்த போட்டோவை எடுத்துட்டு ஸாரி போடுங்கன்னோ யாரும் கேக்கக் கூடாது.

மனுவோட டிராஃப்ட் டைப் பண்ணி வெச்சிருக்கேன், பேப்பரோட ரேட் கார்டும் வாங்கி வெச்சிருக்கேன், ரெண்டும் கடையில இருக்கு. படிச்சுப் பாத்து மாத்த வேண்டியதை பென்சில்ல எழுதிக் குடுங்க, மீட்டிங்குக்கு முந்தின நாள் பிரின்ட் எடுத்துடறேன். ராத்திரி எட்டரை வரைக்கும் கடை திறந்திருக்கும், லிஃப்ட் இல்லாததால அண்ணாச்சி மட்டும் மாடி ஏற வேணாம், போன் பண்ணா நானே கீழ வந்து குடுக்கறேன்.

இப்படிக்கு,
மாடி ஜெராக்ஸ் கடைக்காரி